கம்பியின் குரலைக் கேட்டவர்

இரவு எட்டு மணி. சுங்கை பினாங் வட்டாரத்து அடுக்குமாடி வீடுகளில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கின்றன. வெளியே இடியும் மழையும். பளீரென்று ஒரு மின்னல். அடுத்த கணம் வீடுகள் இருளில் மூழ்குகின்றன. மின்தூக்கி பாதி வழியில் நிற்கிறது. சாலையோர உணவுக்கடையில் கைப்பேசி வெளிச்சத்தில் தேநீர் ஆற்றுகிறார்கள். சற்று நேரத்தில் விளக்குகள் மீண்டும் எரிகின்றன. நாம் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறோம்.

மின்சாரம் வந்துவிட்டது. ஆனால், பழுது எங்கே ஏற்பட்டது என்பதை யாராவது கண்டுபிடித்தாக வேண்டும். பினாங்குத் தீவு, கடலடி வடங்களால் தீபகற்பத்தின் மின்கட்டமைப்போடு இணைந்துள்ளது. 132 ஆயிரம், 275 ஆயிரம், 500 ஆயிரம் வோல்ட் அழுத்தத்தில் மின்சாரத்தைச் சுமக்கும் கம்பிகள் மலை, காடு, வயல், செம்பனைத் தோட்டம் என நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகின்றன. மின்னல் அதிகம் விழும் நாடுகளுள் நம் நாடும் ஒன்று. கோபுரத்தின் காப்பான் ஒன்று மின்னலால் வெடித்திருக்கலாம். மரக்கிளை ஒன்று கம்பியை உரசியிருக்கலாம். அந்த ஓரிடத்தைத் தேடி ஒவ்வொரு கோபுரமாக ஏறி இறங்கினால் எத்தனை நாள் ஆகும்?

இன்றைய பொறியாளர்கள் அப்படித் தேடுவதில்லை. கம்பியின் முனையில் உள்ள கருவி, பழுது ஏற்பட்ட இடத்தைக் கணக்கிட்டுச் சொல்கிறது. பழுதுபார்க்கும் குழு, ஏறத்தாழ எந்தக் கோபுரத்துக்குப் போக வேண்டும் என்பதைப் புறப்படும் முன்பே அறிந்துகொள்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே தொலைவில் உள்ள பழுதைக் கண்டறியும் இக்கலைக்குக் கணித அடித்தளம் இட்டவர்களுள் முதன்மையானவர், பள்ளிப் படிப்பைப் பதினாறு வயதில் நிறுத்திய ஓர் ஏழை இளைஞர். அவர் பெயர் ஆலிவர் ஹெவிசைட்.

இளமைப் பருவம்

ஆலிவர் ஹெவிசைட் 1850ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் நாள் இலண்டன் மாநகரின் கேம்டன் டவுன் பகுதியில் பிறந்தார். தந்தை தாமஸ், மரப்பலகையில் படங்களைச் செதுக்கி அச்சுக்குத் தரும் கைவினைஞர். நான்கு ஆண்மக்களுள் ஆலிவர்தான் கடைக்குட்டி. குடும்பத்தில் வறுமை நீங்காமல் இருந்தது. சிறு வயதிலேயே ஆலிவரைச் செங்காய்ச்சல் தாக்கியது. உயிர் பிழைத்தார், ஆனால், காது சரியாகக் கேட்காமல் போயிற்று. செவித்திறன் பின்னாளில் ஓரளவு தேறினாலும், மற்றச் சிறுவர்களோடு கூடி விளையாடும் பருவம் கடந்துவிட்டது. தனிமை அவருக்குப் பழகிப்போனது.

படிப்பில் அவர் கெட்டிக்காரர். 1865ஆம் ஆண்டு நடந்த பொதுத்தேர்வு ஒன்றை 500க்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதினர். அவர்களுள் ஐந்தாம் நிலையைப் பெற்றார் ஆலிவர். ஆயினும் மேற்படிப்புக்குப் பணம் இல்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டு வெளியேறினார். அதன் பின்னர் அவர் எந்தக் கல்லூரியிலும் காலடி வைத்துப் படித்ததில்லை.

அவருடைய தாயின் சகோதரியை மணந்த சார்லஸ் வீட்ஸ்டன், தந்தித் துறையில் புகழ்பெற்ற அறிஞர். அவருடைய தூண்டுதலால் ஆலிவரின் பார்வை மின்சாரத்தின் பக்கம் திரும்பியது. நியூகாசல் நகரில் தந்தித் துறையில் பணிபுரிந்த அண்ணன் ஆர்தரிடம் சென்று தொழில் கற்றார். பதினெட்டு வயதில் டென்மார்க்கில் தந்தி இயக்குநராக வேலை கிடைத்தது. இங்கிலாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே வடகடலின் அடியில் 1868ஆம் ஆண்டு இடப்பட்ட வடத்தில் செய்தி அனுப்புவதும் பெறுவதும் அவர் பணி.

கடலுக்கடியில் ஒரு காயம்

அது கடலடி வடங்களின் காலம். 1870ஆம் ஆண்டு முடிந்து 1871ஆம் ஆண்டு பிறந்த அந்த மாதங்களில்தான், சென்னையிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து பினாங்குக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடி வடம் இடப்பட்டது. அதற்கு முன், சென்னைக்கும் பினாங்கிற்கும் இடையே ஒரு செய்தி போய்ச்சேரக் கப்பலில் நாள்கணக்கில் ஆகும். வடம் வந்த பின் அதே செய்தி கடலுக்கடியில் விரைந்து ஓடியது. வணிகர்களின் விலைச் செய்திகளும் அரசாங்கத்தின் ஆணைகளும் அதையே நம்பியிருந்தன. வடம் பழுதானால் அத்தனையும் நின்றுபோகும். ஆழ்கடலில் கிடக்கும் வடத்தில் எங்கே காயம் பட்டது என்று பார்த்துச் சொல்ல எவராலும் இயலாது. கப்பலை அனுப்பி, கொக்கியால் வடத்தை மேலே தூக்கித்தான் சரிசெய்ய வேண்டும். தவறான இடத்துக்குக் கப்பல் போனால் பணமும் காலமும் வீண்.

இங்கிலாந்து - டென்மார்க் வடத்திலும் அப்படி ஒரு பழுது ஏற்பட்டது. 1871ஆம் ஆண்டு சனவரியில், அப்போது இருபது வயதே நிரம்பியிருந்த ஹெவிசைட் வடத்தின் மின்தடையை அளந்தார். மின்தடை என்பது, மின்னோட்டத்தை ஒரு கம்பி எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு. கம்பி நீள நீள மின்தடையும் கூடும். அந்த அளவுகளை வைத்துத் தம் குறிப்பேட்டில் சில வரி இயற்கணிதம் போட்டார். பழுது இங்கிலாந்துக் கரையிலிருந்து ஏறத்தாழ 115 மைல் தொலைவில், அதாவது ஏறத்தாழ 185 கிலோமீட்டரில் இருப்பதாக விடை வந்தது. கப்பல் அங்கே சென்றது. அவர் சொன்ன இடத்துக்கு அருகிலேயே வடம் சேதமடைந்து கிடந்தது.

இத்தகைய கணக்கின் அடிப்படையை நாமும் எளிதில் புரிந்துகொள்ளலாம். ஒரு வடத்தின் நீளம் 300 மைல் என்றும், மைலுக்கு 10 ஓம் மின்தடை என்றும் வைத்துக்கொள்வோம். நடுவில் எங்கோ ஓர் ஓட்டை. அதன் வழியே மின்சாரம் கடலுக்குள் கசிகிறது. கிழக்கு முனையை எதனுடனும் இணைக்காமல் விட்டுவிட்டு மேற்கு முனையிலிருந்து அளந்தால் 1,400 ஓம். அவ்வாறே மேற்கு முனையை விட்டுவிட்டுக் கிழக்கிலிருந்து அளந்தால் 2,000 ஓம். இரண்டு அளவுகளிலும், ஓட்டையின் மின்தடை என்ற நமக்குத் தெரியாத எண் கலந்திருக்கிறது. ஆனால், ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அந்தத் தெரியாத எண் மறைந்துவிடுகிறது. எஞ்சும் 600 ஓம், ஓட்டையிலிருந்து கிழக்கு முனை மேற்கு முனையைவிட 60 மைல் கூடுதல் தொலைவில் உள்ளது என்று காட்டுகிறது. மொத்தம் 300 மைல் என்பதால், ஓட்டை மேற்கிலிருந்து 120ஆம் மைலில், கிழக்கிலிருந்து 180ஆம் மைலில் இருக்கிறது. கடலில் இறங்காமலேயே காயத்தைத் தொட்டுவிட்டோம்.

வேலையைத் துறந்த இளைஞர்

இத்தனை திறமை வாய்ந்த இளைஞர் தந்தித் துறையில் உயர்ந்த பதவிக்குச் சென்றிருப்பார் என்றுதான் எவரும் எண்ணுவர். நடந்ததோ வேறு. 1873ஆம் ஆண்டு ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றி எழுதிய பெருநூல் வெளிவந்தது. அதைப் புரட்டிப் பார்த்த ஹெவிசைட் வியந்துபோனார். அதில் பெரும்பகுதி அவருக்குப் புரியவில்லை. புரியாததை எப்படியும் புரிந்துகொண்டே தீர்வது என முடிவு செய்தார்.

1874ஆம் ஆண்டு, இருபத்து நான்கு வயதில், வேலையை விட்டு விலகிப் பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவர் எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்குப் பணியாற்றவில்லை. வீட்டின் ஓர் அறையில் கதவை மூடிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் கணிதமும் இயற்பியலும் கற்றார். அவருடைய கவனம் கலைந்துவிடக் கூடாதென்று வீட்டார் உணவைக் கதவருகே வைத்துவிட்டுப் போவார்களாம். வறுமையில் இருந்த குடும்பத்துக்கு, வருவாய் ஈட்ட வேண்டிய வயதில் வீட்டில் இருந்த மகன் ஒரு சுமைதான். ஆயினும் அந்தப் பெற்றோர் அவரைத் துரத்தவில்லை.

அலையாக ஓடும் மின்சாரம்

அறையில் இருந்தபடி ஹெவிசைட் சிந்தித்தது, தாம் பணிபுரிந்த கம்பிகளைப் பற்றித்தான். கடலடி வடத்தில் ஒரு முனையில் கொடுக்கும் சமிக்ஞை மறுமுனையில் ஏன் மங்கிப் பரவி வருகிறது? வில்லியம் தாம்சன் என்னும் மாபெரும் அறிஞர் ஏற்கெனவே ஒரு விடை தந்திருந்தார். அடுப்பில் ஒரு முனையை வைத்த இரும்புக் கம்பியில் வெப்பம் மெல்ல மெல்லப் பரவுவதுபோல் மின்சாரமும் வடத்தில் பரவுகிறது என்பது அவர் கணிப்பு.

அந்த விடை முழுமையானதன்று என்று ஹெவிசைட் கண்டார். மின்னோட்டம் மாறும்போது கம்பியைச் சுற்றி உள்ள காந்தப்புலமும் மாறுகிறது. அது அந்த மாற்றத்தை எதிர்க்கிறது. இந்தப் பண்புக்கு மின்தூண்டல் என்று பெயர். தாம்சனின் கணக்கில் இது இடம்பெறவில்லை. மின்தூண்டலையும் சேர்த்து 1876ஆம் ஆண்டு ஹெவிசைட் வெளியிட்ட சமன்பாடுகள் இன்று தந்திச் சமன்பாடுகள் என வழங்குகின்றன. அவற்றின்படி, கம்பியில் மின்சாரம் வெப்பம்போல் பரவுவது மட்டுமன்று; அலையாகவும் ஓடுகிறது. கயிற்றின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையை ஒருமுறை உதறினால் ஒரு மேடு ஓடுகிறதல்லவா, அதைப் போல!

அலை என்றால் எதிரொலியும் உண்டு. பத்துமலைக் குகைக்குள் நின்று உரக்கக் கூவினால், குரல் பாறையில் மோதித் திரும்புகிறது. கம்பியிலும் அப்படியே. கம்பியின் தன்மை ஓரிடத்தில் மாறினால், அந்த இடத்தில் அலையின் ஒரு பகுதி மோதித் திரும்பி வருகிறது. முனை, இணைப்பு, பழுது ஆகிய எல்லாமே அலைக்கு ஒரு பாறைதான். அலை எவ்வளவு திரும்பும், எவ்வளவு கடந்து செல்லும் என்று கணக்கிடவும் ஹெவிசைட் வழிகாட்டினார். மின்மறுப்பு, மின்தூண்டல் முதலிய கருத்துகளுக்கு இன்று உலகெங்கும் பொறியாளர்கள் ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களை உருவாக்கியவரும் அவரே.

மறுக்கப்பட்ட உண்மை

அந்நாளில் தொலைபேசி புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது. அருகில் இருப்பவரோடு தெளிவாகப் பேச முடிந்தது. தொலைவு கூடக்கூடக் குரல் குழம்பியது. குரலில் உள்ள உயர்ந்த ஒலிகளும் தாழ்ந்த ஒலிகளும் கம்பியில் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதும், வெவ்வேறு அளவில் தேய்வதுமே இதற்குக் காரணம். 1887ஆம் ஆண்டு ஹெவிசைட் ஒரு வியப்பான முடிவுக்கு வந்தார். கம்பியின் நான்கு பண்புகளான மின்தடை, மின்தூண்டல், மின்தேக்கம், மின்கசிவு ஆகியவை ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் அமைந்தால், எல்லா ஒலிகளும் ஒரே வேகத்தில் ஓடும். குரல் சற்றுத் தேய்ந்தாலும் குழம்பாது. அதற்கு மின்தூண்டலைக் கூட்ட வேண்டும்.

இந்த முடிவு, பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் செல்வாக்கு மிக்க மின்பொறியாளராக விளங்கிய வில்லியம் பிரீஸின் கருத்துக்கு நேர் எதிரானது. மின்தூண்டல் தொலைபேசிக்குக் கேடு விளைவிப்பது என அவர் உறுதியாக நம்பினார். பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர், கணிதத்தைக் கொண்டு அதை மறுப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. ஹெவிசைட்டின் அண்ணன் ஆர்தர் அதே துறையில் பணியாற்றினார். சகோதரர்கள் இருவரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக் கட்டுரை வெளிவராமல் தடுக்கப்பட்டது. ஹெவிசைட்டின் கட்டுரைகளைத் தொடர்ந்து வெளியிட்டு வந்த வார இதழின் ஆசிரியரும் அதே ஆண்டில் மாறினார். கட்டுரைத் தொடர் நின்றது. அந்தத் தொடரால் கிடைத்து வந்த சிறு தொகையே அவருடைய வருவாய். அதுவும் போயிற்று.

ஹெவிசைட் பணிந்து போகவில்லை. தமக்குச் சரியெனத் தெரிந்த கணக்கை மாற்றி எழுத அவர் ஒப்பவில்லை. அதே வேளையில், அவர் எழுத்து எளிதில் புரியாததாகவும், எதிர்ப்பாளரை எள்ளுவதாகவும் இருந்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. கூட்டங்களுக்குச் சென்று நாலு பேரிடம் தம் கருத்தை விளக்கியிருந்தால் அவருக்கு நண்பர்கள் பெருகியிருப்பார்கள். அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

காலம் அவர் பக்கம் நின்றது. 1888ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலைகளைச் சோதனையில் காட்டினார். மாக்ஸ்வெல்லின் கொள்கையும், அதை விரித்துரைத்த ஹெவிசைட்டின் எழுத்தும் அறிஞர்களின் கவனத்துக்கு வந்தன. 1889ஆம் ஆண்டு, கம்பியில் மின்சாரம் பரவுவதைப் பற்றி முதன்முதலில் கணக்கிட்ட அதே வில்லியம் தாம்சன், மின்பொறியாளர் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரையில் ஹெவிசைட்டின் ஆய்வைப் பாராட்டினார். தம்முடைய கொள்கையைத் திருத்தியவரைப் பொது மேடையில் போற்றியது தாம்சனின் பெருந்தன்மை. 1891ஆம் ஆண்டு, கல்லூரி வாசலை மிதிக்காத ஹெவிசைட் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மாக்ஸ்வெல் இருபது சமன்பாடுகளில் எழுதியிருந்த மின்காந்தக் கொள்கையை நான்கே சமன்பாடுகளில் சுருக்கித் தந்தவரும் ஹெவிசைட்தான். இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் மாக்ஸ்வெல் சமன்பாடுகள் என்ற பெயரில் கற்பிக்கப்படுவது அந்த வடிவமே. அதில் தம் பெயர் இடம்பெற வேண்டும் என்று அவர் கேட்கவில்லை.

பிறர் அறுத்த கதிர்

தொலைபேசிக் கம்பியில் மின்தூண்டலைக் கூட்ட, இடையிடையே கம்பிச்சுருள்களை இணைக்கலாம். இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவர அமெரிக்காவில் இருவர் முயன்றனர். அவர்களுள் மைக்கேல் பூப்பின் என்பவர் 1900ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றுச் செல்வந்தர் ஆனார். நெடுந்தொலைவுத் தொலைபேசி வளர்ந்தது. அதன் கொள்கையைக் கண்டுபிடித்து உலகறிய அச்சிட்டிருந்த ஹெவிசைட், அதற்குக் காப்புரிமை பெற்றிருக்கவில்லை. அவருக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை.

நண்பர்கள் அவருடைய நிலையைக் கண்டு வருந்தினர். பண உதவி செய்ய முன்வந்தபோது, பிச்சைபோல் தோன்றும் எதையும் ஏற்க அவர் மறுத்தார். 1896ஆம் ஆண்டு அரசாங்கம் ஆண்டுக்கு 120 பவுன் ஓய்வூதியம் வழங்க முன்வந்தது. அறிவியல் தொண்டுக்கான மதிப்பாகத் தரப்பட்டதால் அதை மட்டும் ஏற்றுக்கொண்டார்.

கணித அறிஞர்களோடும் அவருக்கு ஒரு பூசல் இருந்தது. கம்பியில் ஓடும் சமிக்ஞையைக் கணக்கிட அவர் ஒரு புதிய முறையை உருவாக்கினார். நேரத்துக்கேற்ப மாறும் அளவுகளைக் குறிக்கும் கடினமான சமன்பாடுகளைச் சாதாரண இயற்கணிதம்போல் மாற்றி விடை காணும் முறை அது. விடைகள் சரியாக இருந்தன. ஆனால், முறையான நிறுவல் இல்லை என்று கணிதவியலார் குறை கூறினர். 1894ஆம் ஆண்டு, அது குறித்த அவருடைய ஆய்வுத் தொடரின் ஒரு பகுதியை ராயல் கழகம் வெளியிட மறுத்தது. பின்னாளில் பிற அறிஞர்கள் அந்த முறைக்கு நிறுவல் தந்தார்கள். இன்றைய பொறியியல் மாணவர்கள் அதன் திருந்திய வடிவத்தைக் கற்கிறார்கள். சுவிட்சைத் தட்டியதும் சுழியிலிருந்து ஒன்றுக்குத் தாவும் சமிக்ஞைக்கு இன்றும் ஹெவிசைட் படிச் சார்பு என்றே பெயர்.

வானொலி அலைகள் வளைந்த நிலவுலகைச் சுற்றிக் கடல் கடந்து போவது எப்படி என்ற கேள்வி எழுந்தபோது, வானத்தின் உயரத்தில் மின்கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும் என 1902ஆம் ஆண்டு அவர் எழுதினார். அமெரிக்கரான கென்னலியும் அதே ஆண்டில் அதையே கூறினார். அந்த அடுக்கு உண்மையில் இருப்பதை இருபது ஆண்டுகளுக்கும் மேலான பின்னர் ஆப்பிள்டன் என்னும் அறிஞர் சோதனையில் உறுதிசெய்தார்.

கடைசிக் காலத்தில் ஹெவிசைட் தென்மேற்கு இங்கிலாந்தின் டார்க்கீ என்னும் கடலோர ஊரில் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. காது கேட்பது மீண்டும் குறைந்தது, உடல் தளர்ந்தது. வீட்டைச் சூடாக்கும் எரிவாயுவுக்குப் பணம் கட்டவும் திண்டாடினார். 1922ஆம் ஆண்டு மின்பொறியாளர் கழகம் புதிதாக ஏற்படுத்திய பாரடே பதக்கத்தை முதன்முதலாக அவருக்கே வழங்கியது. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், எழுபத்து நான்காம் வயதில் அவர் காலமானார். பக்கத்து ஊரான பெயிண்டனில், பெற்றோரின் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

மீண்டும் சுங்கை பினாங்

ஹெவிசைட் மறைந்து நூறாண்டுகள் ஆகிவிட்டன. சுங்கை பினாங்கின் விளக்குகள் அணைந்த அந்த இரவில் உயர்மின்னழுத்தக் கம்பியில் நடந்ததை இப்போது பார்ப்போம்.

மின்னல் தாக்கிய இடத்தில் கம்பியின் மின்னழுத்தம் சட்டெனத் தாவுகிறது. ஹெவிசைட்டின் படிச் சார்பு போன்ற தாவல் அது. அந்தத் தாவல் இரண்டு அலைகளாகப் பிரிந்து, கம்பியின் இரு முனைகளை நோக்கியும் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடுகிறது. வினாடிக்கு ஏறக்குறைய 3 இலட்சம் கிலோமீட்டர். இரு முனைகளிலும் உள்ள கருவிகள் அலை வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்கின்றன. இரண்டு கடிகாரங்களும் துல்லியமாக ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகச் செயற்கைக்கோளிலிருந்து நேரத்தைப் பெறுகின்றன.

கம்பியின் நீளம் 100 கிலோமீட்டர் என்று கொள்வோம். அலை ஒரு முனையை முதலில் அடைகிறது. 200 மைக்ரோ வினாடி கழித்து மறுமுனையை அடைகிறது. ஒரு மைக்ரோ வினாடி என்பது ஒரு வினாடியின் மில்லியனில் ஒரு பங்கு. அந்த 200 மைக்ரோ வினாடியில் அலை 60 கிலோமீட்டர் ஓடிவிடும். ஆகவே, பழுதான இடம் முதல் முனைக்கு 60 கிலோமீட்டர் அதிகம் நெருங்கியிருக்கிறது. மொத்தம் 100 கிலோமீட்டர். பழுது முதல் முனையிலிருந்து 20 கிலோமீட்டர், மறுமுனையிலிருந்து 80 கிலோமீட்டர். இருபது வயது இளைஞர் வடகடலின் வடத்துக்குப் போட்ட கணக்கின் நெருங்கிய உறவு இது. அன்று மின்தடையைக் கழித்தார்கள்; இன்று நேரத்தைக் கழிக்கிறார்கள்.

கணக்கு எளிது, அளவுதான் கடினம். ஒரு மைக்ரோ வினாடி பிசகினால், இடம் 150 மீட்டர் தள்ளிப்போகும். ஆகவே, கருவி வினாடிக்கு ஒரு மில்லியன் முறைக்குக் குறையாமல் கம்பியின் அழுத்தத்தை அளக்கிறது. அந்த அளவுகளில் வழக்கமான மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கம், சுவிட்சுகளின் அதிர்வு, தொலைவில் விழுந்த மின்னலின் சலசலப்பு எல்லாம் கலந்திருக்கும். பசார் இரைச்சலில் தாயின் குரலைப் பிள்ளை பிரித்தறிவதுபோல், அந்த இரைச்சலில் பழுதின் அலை வந்த கணத்தைக் கணினி பிரித்தறிய வேண்டும். இதுவே சமிக்ஞை ஆய்வின் பணி. மெதுவாக மாறும் அளவுகளை ஒதுக்கிவிட்டு, சட்டென்று தாவும் இடத்தை மட்டும் உருப்பெருக்கிக் காட்டும் கணித முறைகள் இதற்கு உதவுகின்றன. ஒரு முனையில் மட்டுமே கருவி இருந்தால், முதலில் வந்த அலைக்கும் பழுதில் மோதித் திரும்பிய எதிரொலிக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கொண்டும் தொலைவைக் கணக்கிடலாம்.

கட்டுப்பாட்டு அறையின் திரையில் ஓர் எண் தோன்றுகிறது. மழை விட்டதும் பழுதுபார்க்கும் குழு வண்டியில் ஏறுகிறது. எந்த இடத்தில் வண்டியை நிறுத்த வேண்டும், எந்தக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். டார்ச் ஒளியில், மின்னல் வெடித்த காப்பான் ஒன்று கறுத்துத் தெரிகிறது. அதை மாற்றிவிட்டு இறங்குகிறார்கள். ஆற்றோரத்து அடுக்குமாடி வீடுகளில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு உறங்கப் போய்விட்டார்கள். காது மந்தமான ஒரு மனிதர், பூட்டிய அறைக்குள் இருந்து கம்பியின் குரலைக் கேட்கக் கற்றுக்கொடுத்தது அவர்களுக்குத் தெரியாது. இப்போது நமக்குத் தெரியும்.